இரண்டு பக்கமும் காட்டக்கூடிய கடிதம்

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. கேட்டார்கள். மட்டக்களப்பு டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் இளையதம்பி சிறு வியாபாரிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். போன மாதம் நாவற்குடாவில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். சங்கம் விழா எடுக்கிறது, மலர் போடுகிறது. சின்னக் கடைகளும் தொழில்களும் ஒரு ஊருக்கு என்ன செய்கின்றன என்று ஒரு கதை வேண்டுமாம். "இப்ப சமாதான காலம் ரீச்சர். வாசிக்கிற சனத்துக்கு மனசு நிறையணும்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால், எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த சிறுதொழில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் யாருக்கும் மனசு நிறையாது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மாவரைக்கும் மில்லின் சத்தத்தில்தான் எங்கள் ஊர் கண்விழிக்கும்." (பொய். மில் எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ஊர் ஐந்து மணிக்கே எழும்பிவிடும்.)

"சீதேவிப்பிள்ளை ஒரு சாதனைப் பெண்மணி. அவரது விடாமுயற்சி" (இதற்குமேல் கை ஓடவில்லை. இப்படி எழுதியிருப்பதைக் கண்டால் அவர் சிரித்திருப்பார்.)

"1991 ஆகஸ்ட் ஏழாம் திகதி, புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சீதேவிப்பிள்ளை பழுதான எஞ்சின் சாமான் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறாவூருக்குப் போனார். திரும்பி வரவில்லை." (இது உண்மை. ஆனால் விழா மலரில் ஒரு கதை இப்படித் தொடங்கக்கூடாது.)

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். மலர்க்காரர் வேண்டாமென்றால் நீங்களாவது வாசியுங்கள்.

2

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இப்போது அங்கே மிஞ்சியிருக்கும் நாற்பது குடும்பத்தையும் யாராவது போய்க் கேள்வி கேட்பார்கள். முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து இரண்டரை மைல், வாவிக் கரையோரத் தமிழ் ஊர் என்று மட்டும் சொல்கிறேன்.

மில் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சீதேவிப்பிள்ளையின் வளவின் முன்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். உள்ளே ஒரு பழைய டீசல் எஞ்சின். அதிலிருந்து நீளமாக ஒரு பெல்ட். பெல்ட்டின் மறுமுனையில் அரைக்கும் பெட்டி. சுவரோரம் ஒரு வாங்கு. ஏழு பெண்கள் இருக்கலாம், நெருக்கி இருந்தால் ஒன்பது பேர். எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டியவர் அவருடைய கணவர் கனகசிங்கம். எண்பத்தைந்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். சடங்குகள் முடிந்த மறுநாளே சீதேவிப்பிள்ளை வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றினாராம். நான் அப்போது ஊரில் இல்லை. கேள்விப்பட்டதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாவு விழுந்தது. எத்தனை பேர், யார் முதலில் என்று எழுத மாட்டேன். அதை எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் முழுவதும் அகதி முகாமுக்கு ஓடியது. தைப்பொங்கல் கழிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம்.

வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. கோயிலில் பூசை செய்ய ஆளில்லை. கூட்டுறவுக் கடை எரிந்து கிடந்தது. மூன்றாம் நாள் மில் ஓடியது.

பெல்ட்டை அவர் தன்னோடு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார். மற்றவர்கள் நகை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டு ஓடியபோது அவர் பெல்ட்டைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். மில் ஓடுகிறது என்ற செய்தி முகாமுக்குப் போனது. அதைக் கேட்டுத்தான் சீனித்தம்பியின் குடும்பம் வந்தது, அவர்களைப் பார்த்து இன்னும் பன்னிரண்டு குடும்பம் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தாச்சா என்று கேட்டவர்களைவிட மில்லு ஓடுதா என்று கேட்டவர்கள் அதிகம். நான் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உள்ளுக்குள் கொஞ்சம் நொந்தது.

அந்த வாங்கில்தான் எல்லாம் நடந்தது. எந்த முகாமில் யாரைக் கண்டது, எந்த நாளில் கைதிகளைப் பார்க்க விடுகிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பால்மா இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். பிட்டு அவித்து வயல் வேலைக்காரருக்கு விற்ற ஆச்சிப்பிள்ளை அங்கேதான் தன் நாளைத் தொடங்குவார். காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லி அழுவதற்கும் ஊரில் அந்த இடம் ஒன்றுதான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது அழுதால் வெளியே கேட்காது. சீதேவிப்பிள்ளை சில நாட்களில் அரைக்க ஒன்றுமில்லாமலும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது டீசல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

(இளையதம்பி கேட்டது இந்தப் பந்தியைத்தான். இதோடு நிறுத்தினால் மலருக்குப் போதும். நிறுத்த முடியவில்லை.)

3

இனி வருபவரை நீங்கள் நம்புவீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கதைக்காகச் செய்த ஆள் போலத் தெரிவார். ஒருதரம் எழுதி அடித்துவிட்டு, திரும்பவும் எழுதுகிறேன்.

சித்தி நபீஸா ஏறாவூர்க்காரி. கணவர் உசனாருக்கு நெஞ்சுவருத்தம், வேலைக்குப் போக ஏலாது. நபீஸா இடியப்பம் அவித்து விற்று வீட்டைப் பார்த்தார். ஏறாவூரில் மில் இல்லாமல் இல்லை. ஆனால் இடியப்ப மாவுக்குச் சீதேவிப்பிள்ளை அரைக்கும் பெட்டியில் வேறு தகடு போட்டு இரண்டு தரம் அரைப்பார். அந்த மா பிழியும்போது அறாது. அதற்காக நபீஸா கலவரத்துக்கு முன்பு கிழமையில் இரண்டு நாள், புதனும் சனியும், அரிசிப் பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டரை மைல் நடந்து வருவார். எஞ்சினில் ஏதும் பிழை வந்தால் திருத்துவதும் ஏறாவூர் ஆள்தான். நபீஸாவின் மாமா மகன், சாலிஹ்.

தொண்ணூறு ஆவணிக்குப் பிறகு அந்தப் பாதையில் ஒருவரும் நடக்கவில்லை. தொண்ணூற்றொன்று மாசியில் ஒரு சனிக்கிழமை நபீஸா நடந்து வந்தார்.*

வாங்கில் ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் நகரவில்லை. நபீஸா பேசினை இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"தள்ளி இருங்கடி" என்றார் சீதேவிப்பிள்ளை. "நபீஸா இருக்கட்டும்."

நகர்ந்தோம். நபீஸா உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எத்தின பேர் நபீஸா?"

"ஒராள். காக்கா." அண்ணனைச் சொன்னார். "உங்களுக்கக்கா?"

"ரெண்டு. தங்கச்சிட மகன்மார்."

சீதேவிப்பிள்ளை தகட்டை மாற்றினார். எஞ்சினைச் சுற்றிவிட்டார். அன்றைக்கு அது நெடுநேரம் ஓடியது.

அடுத்த கிழமை சாலிஹும் வந்தார். எஞ்சினைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். ஊரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் அரிசியைக் கொண்டுவராமல் இருக்கவில்லை.

* "ஏன் வந்தார்?" என்று முதற்படியை வாசித்த நண்பி ஒருத்தி ஓரத்தில் எழுதியிருந்தாள். அவள் எதிர்பார்ப்பது அன்பு, மன்னிப்பு மாதிரியான ஒரு பதில். நபீஸாவுக்கு நல்ல மா வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை தள்ளிப்போட்டேன்.

வைகாசி மாதம், பள்ளிக்கூட இடைவேளை. இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். இயக்கம். என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு வரி கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பெரிய மட்டையில் எழுதித் தர வேண்டும். "உங்கட எழுத்து வடிவெண்டு சொன்னாங்க ரீச்சர்."

இனிமேல் இந்த மில்லில் முஸ்லிம்களுக்கு அரைக்கக்கூடாது, அவர்களைக் கொண்டு எந்த வேலையும் செய்விக்கக்கூடாது, கீழ்ப்படியாதவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள், இப்படிக்குப் பொதுமக்கள். இவ்வளவும்தான்.

எழுதினேன். மறுத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். (கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.) அவர்கள் தந்த துண்டில் "அறைக்கக்கூடாது" என்று இருந்தது. நான் றகரத்தை ரகரமாக்கினேன். கன்னத்தில் அறைவது வேறு, மா அரைப்பது வேறு என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தவும் செய்தேன். ஒருவன் சிரித்து நன்றி சொன்னான். கை நடுங்கவில்லை. அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். வரிகள் நேராக இருந்தன.

நான் எழுதிய ஒன்றை ஊர் முழுவதும் நின்று வாசித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் சீதேவிப்பிள்ளை மட்டை தொங்கிய மில்லின் தகரக் கதவின் முன் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன்.

"புள்ள, டீசல் பெமிற்றுக்கு நீ எழுதித் தந்த கடிதத்திலயும் இந்த 'ழ' இப்பிடித்தான் வால் நீண்டு கிடந்த."

நான் நின்றேன்.

"உன்னட்டயும் வந்து கேட்டிருப்பானுகள். நீ என்ன செய்யிற" என்றார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் இந்தக் கதையை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அது ஒரு புதன்கிழமை. நபீஸா வரும் நேரம் பார்த்துச் சீதேவிப்பிள்ளை மில்லை நிறுத்திவிட்டுப் பாதையில் நடந்து போனதை வகுப்பிலிருந்து கண்டேன். தூரத்தில் இருவரும் சந்தித்தார்கள். பேசியது கேட்கவில்லை. அரிசிப் பேசின் நபீஸாவின் தலையில் இருந்தபடியே திரும்பிப் போனது.

5

ஜூலைத் தொடக்கத்தில் எஞ்சின் கறுப்புப் புகை தள்ளியது. இரண்டு நாள் இருமி இருமி ஓடி, மூன்றாம் நாள் நின்றது. டீசலைச் சீறி அடிக்கும் நொசில் போய்விட்டது என்று சீதேவிப்பிள்ளையே கண்டுபிடித்தார். சைக்கிள் திருத்தும் வினாயகமூர்த்தி வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, இது தன்னால் ஏலாது என்றார். அந்தப் பழைய எஞ்சினுக்குப் பொருந்துகிற நொசில் சாலிஹிடம் மட்டும்தான் இருந்தது. சாலிஹைக் கூப்பிட மட்டை விடவில்லை.

(இங்கே "பொருளாதாரத் தங்கியிருப்பு" என்று ஒரு பந்தி எழுதினேன். சிறுதொழில் ஒன்று இன்னொன்றைத் தாங்குகிறது, ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தை என்று ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துவிட்டேன். நொசில் இல்லை, எஞ்சின் ஓடவில்லை.)

அன்று காலை எட்டுப் பெண்கள் ஊறிய அரிசியோடு வாங்கில் இருந்தார்கள். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. அரிசி புளித்து மணக்கத் தொடங்கியது. ஒவ்வொருவராகப் போய் வேலியோரம் கோழிகளுக்குக் கொட்டினார்கள்.

வீட்டில் உரல் இருந்தவர்கள் இடித்தார்கள். இடிப்பது தனியாகச் செய்யும் வேலை, அவரவர் வளவுக்குள். இரண்டாம் கிழமை ஆச்சிப்பிள்ளை பிட்டு விற்பதை விட்டார். ஒருத்தியாக அவ்வளவு மா இடிக்க அவருடைய தோள் இடம்கொடுக்கவில்லை. வயல் வேலைக்காரர் வெறும் வயிற்றோடு போனார்கள், பிறகு வேறு பக்கம் வேலை தேடிப் போனார்கள். சீனித்தம்பியின் குடும்பம் திரும்பவும் முகாமுக்குப் போனது. மில்லும் இல்லாத ஊரில் என்னத்துக்கு இருக்கிறது என்று சீனித்தம்பியின் மனைவி என்னிடம் கேட்டார். அவர் என்னைக் குறிவைத்துக் கேட்கவில்லை. என் வகுப்பில் அவருடைய மூன்று பிள்ளைகள் குறைந்தார்கள்.

6

ஆகஸ்ட் ஆறாம் திகதி மாலை நான்கு மணிபோல் சீதேவிப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், இருக்கவில்லை. நாளைக்குத் தானே நொசிலை எடுத்துக்கொண்டு சாலிஹிடம் போகப்போவதாகச் சொன்னார். பின்னேரம் மில் ஓடும், அரிசியை ஊறப்போடுங்கள் என்று பெண்களுக்கும் சொல்லிவிட்டாராம்.

போக வேண்டாம் என்றேன்.

"மறுகா ஆர் போற? எனக்கு ஒரு கடிதம் எழுதித் தா புள்ள. வழியில ஆர் மறிச்சாலும் காட்டிற மாதிரி. ஆமியும் வாசிக்கணும், ஊர்காவல் படையும் வாசிக்கணும், இவனுகளும் வாசிக்கணும். ரெண்டு பக்கமும் காட்டக்கூடிய கடிதம். நீதான் நல்லா எழுதுவியே."

கடைசி வார்த்தையில் குத்தல் இருந்ததா என்று பன்னிரண்டு வருடமாக யோசிக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை.

எழுத உட்கார்ந்தேன். அந்தத் தாள்களை நான் எறியவில்லை. அவற்றில் உள்ளபடியே தருகிறேன்.

மதிப்புக்குரிய (யாருக்கு?)

இக்கடிதத்தைக் கொண்டுவரும் திருமதி க. சீதேவிப்பிள்ளை ஒரு தமிழ் (வேண்டாம்)

இவர் எந்தத் தரப்பையும் சாராத (எந்தத் தரப்பும் இதை நம்பாது)

இவர் ஏறாவூருக்குச் செல்வது மாவரைக்கும் இயந்திரத்தின் பாகம் ஒன்றைத் திருத்துவதற்கே அன்றி (ஆமி "இயந்திரத்தின் பாகம்" என்பதை வேறு மாதிரி எடுக்கும்)

ஏறாவூரில் திரு. சாலிஹ் என்பவரிடம் (மட்டையில் நானே எழுதியது என்ன?)

இவர் மா அரைப்பவர். ஊருக்கு மா வேண்டும். தயவுசெய்து இவரை

ஐந்து தாள். ஒரு வார்த்தை ஒருவருக்குப் பொருந்தினால் இன்னொருவனிடம் அதே வார்த்தை ஆளைக் கொல்லும். மறுநாள் காலை புறப்படுமுன் வந்து கேட்டார். முடியவில்லை என்றேன். கோபப்படவில்லை. "பரவால்ல, வாயால சொல்றன்" என்றார். நொசிலைச் சீலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கூட வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக ஒரு வரி முதற்படியில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

7

பின்னேரம் மூன்று மணிக்குப் பெண்கள் மில்லுக்கு முன் கூடினார்கள். ஐந்து மணிவரை நின்றார்கள்.

நான்கு நாள் கழித்து இரண்டு ஆமி முகாம்களிலும் போய்க் கேட்டோம். அப்படி ஒரு பெண் வரவில்லை என்றார்கள். இயக்கத்திடம் வினாயகமூர்த்தி கேட்டார். தங்களுக்குத் தெரியாது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. வாவியில் வலை போட்டவர்களும் ஒன்றும் காணவில்லை.

ஏறாவூர்ப் பக்கத்து ஊர்காவல் படை பிடித்துவிட்டது என்று எங்கள் ஊர் சொன்னது. கட்டளையை மீறினதற்காக இயக்கம் செய்தது என்று ஏறாவூர் சொன்னது. மடியில் இரும்புச் சாமானைக் கண்டு குண்டு செய்கிற ஆள் என்று ஆமி கொண்டுபோனது என்று டவுனில் சொன்னார்கள். மூன்றும் நடந்திருக்கக்கூடியவை. மூன்றும் வேறு பெண்களுக்கு நடந்தவை.

இந்தக் கதைக்காக மூன்று முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம். ஒன்றில் அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஒன்றில் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். ஒன்றில் எதுவும் பேசவில்லை. எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுதினேன். மூன்றும் நன்றாக வந்தன. வாசித்துப் பார்த்தபோது பயமாக இருந்தது. எந்தப் பக்கம் கேட்டாலும் என்னிடம் ஒரு முடிவு இருக்கிறது. மூன்றையும் கிழித்தேன்.

அடுத்த வருடம் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. தொண்ணூற்று மூன்றில் எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்தார்கள். நான் மாற்றம் கேட்டு நாவற்குடாவுக்கு வந்தேன். ஊருக்கு வேறு மில் வரவில்லை. பக்கெட்டில் அடைத்த மா வந்தது. அதை வாங்குவதற்கு யாரும் யாருக்கும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

8

சென்ற மாசியில் ஆசுபத்திரிக் கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த முக்காட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நபீஸா. பற்கள் போயிருந்தன. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

சீதேவிப்பிள்ளை அன்று ஏறாவூர் போய்ச் சேர்ந்தார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பன்னிரண்டு வருடம், இரண்டரை மைல். எங்களில் ஒருவரும் போய் அதைக் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரும் வந்து சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு நபீஸாவின் வீட்டுக்கு வந்திருக்கிறார். நபீஸா அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். சாலிஹை வீட்டுக்கே கூப்பிட்டார்கள். வேறொரு எஞ்சினிலிருந்து நொசிலைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். மில்லுக்கு வருவது நின்றுபோனதிலிருந்து இடியப்பம் எப்படி என்று சீதேவிப்பிள்ளை கேட்டாராம். இங்கத்தை மா சரிவரவில்லை, விட்டுவிட்டேன், வீடுகளில் உடுப்புத் தோய்க்கிறேன் என்று நபீஸா சொன்னாராம். தேத்தண்ணி குடித்தார்கள். இன்றைக்கு நில்லுங்கள், பெரியவர்களோடு பேசி நாளைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடுகிறோம் என்று நபீஸா கெஞ்சியிருக்கிறார்.

"கேக்கல்ல. ஊறப்போட்டிருப்பாளுகள், நான் போகணும் எண்டா. கதவடியில நிண்டு, 'சனிக்கிழம அரிசியக் கொண்டு எங்கட ஊர் வேலியடிக்கு வா, நான் வந்து எடுக்கிறன்' எண்டா. மட்ட இருக்கே அக்கா எண்டன். 'மட்டையில எழுதினத நாம வாசிச்சமே தவிர, என்னயக் கேட்டு எழுதல்லயே' எண்டா."

மட்டையை எழுதியது யார் என்று நபீஸாவுக்குத் தெரியாது. அன்று நான் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதியிருக்கிறேன். யாராவது வாசித்துச் சொல்வார்கள்.

உசனார் அந்த நெஞ்சுவருத்தத்தோடு ஏறாவூரின் கடைசி வீடுவரை கூட நடந்து போனாராம். அதற்கு அப்பால் அவரால் போக முடியாது. பாதை தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சீதேவிப்பிள்ளை வேகமாகவே நடந்தார், வளைவில் மறைந்தார். வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று சாகும்வரை உசனார் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நபீஸாவின் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனார்.

9

வளைவிலிருந்து எங்கள் ஊரின் முதல் வேலிவரை ஒன்றரை மைல். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் பற்றைக்காடு. நடுவில் ஆமியின் காவலரண் ஒன்று இருந்தது. அதற்கு இப்பால் ஊர்காவல் படை சுற்றும். அதற்கும் இப்பால் இயக்கம் வந்து போகும். அந்த ஒன்றரை மைலை நான் எழுத மாட்டேன்.

உங்களிடம் ஒரு முடிவு இருக்கும். நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்தால் அது என்ன முடிவு என்றும் சொல்லிவிடுவேன். அதை இங்கே வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால், அவரை ஒரு கொலையாளியின் பெயரோடு சேர்க்காமல், அரை மணி நேரம் நடந்து கொட்டிலுக்கு வந்து சேரவிடக்கூடிய ஒரு வசனம் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வசனத்தில் நான் இதுவரை எழுதியிருப்பது இவ்வளவுதான்:

வளைவு தாண்டியதும் சீதேவிப்பிள்ளை